செங்கல்லுக்கு எதுக்குங்க பெயின்ட்?

போன ஞாயித்துக்கிழமை வீட்ல பெரிய பஞ்சாயத்து. எங்க கோயமுத்தூர் வீட்டு வெளிச்சுவர்ல பூச்சு கிடையாது. வெறும் செங்கல், நடுவுல சிமெண்ட் பாயின்டிங். "ஏனுங்க மச்சான், காசு பத்தலீங்களா, பூசாம உட்டுட்டீங்க?"ன்னு சொந்தக்காரங்க கேட்டுக் கேட்டு அப்பா வெறுத்துட்டார். இப்ப மேற்குச் சுவர்ல வெள்ளையா உப்பு வேற பூத்திருக்கு. பெயின்டரை வரச் சொல்லிட்டார்.

நான் வேணாம்னேன். (பொட்டி தட்டுறவனுக்கு கட்டடம் பத்தி என்ன தெரியும்னு கேக்கப்படாது!) செங்கல் மழையில தண்ணிய உறிஞ்சும், வெயில்ல வெளிய விட்டுடும். எமல்ஷன் அடிச்சா மேல ஒரு படலம். உள்ள போன ஈரம் சுலபமா வெளிய வராது. உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னாடி சேர்ந்து பெயின்ட்டை உரிச்சுத் தள்ளும், சில சமயம் செங்கல் மேல்தோலையும் சேர்த்து. சில வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப அடிக்கணும். பழைய செங்கல்லே போதும்னு மணல் பீச்சி உரிச்சா, சூளையில வெந்து இறுகின தோலும் போயிடும். இதுக்கு 'அன்டூ' கிடையாது சாமி.

உப்பு பூக்குதுன்னா எங்கயோ ஈரம். மாடியில ஏறிப் பாத்தா, மழைத்தண்ணி குழாய் விரிசல் விட்டு சுவத்துலயே ஒழுகுது! குழாயை மாத்தி, உதிர்ந்த பாயின்டிங்கை சரி பண்ணி, காஞ்சதும் உப்பை பிரஷ்ஷால தேச்சு விட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. கலர் கட்டாயம் வேணும்னா சுண்ணாம்பு அடிக்கலாம், அது ஈரத்தை வெளிய விடும்.

திருவனந்தபுரத்துல லாரி பேக்கர் பூசாத செங்கல்லுல எத்தனை கட்டடம் கட்டினார்! காசு மிச்சம் பண்றதுக்குத் தான் அவரும் பூசாம விட்டார். அப்பாகிட்ட இதைச் சொன்னா, "அப்ப உங்க மாமன் கேட்டது சரிதானடா"ங்கறார் :-)

குழாய்க்காரர் நாளைக்கு வர்றார். பெயின்டரை இன்னும் வேணாம்னு சொல்லல.