படிக்கும் நேரம் எங்கே போகிறது?

பல்மருத்துவம் படிக்க விருப்பம் என்று நான் சொன்னால் பலரும் திருப்பிக் கேட்பது, "மெடிசின் கிடைக்காவிட்டால்தானே அது?" என்றுதான். எனக்கு அதுவே முதல் விருப்பம். பல்வலி வந்தால் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, ஆண் வைத்தியரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டு, கடைசியில் பல்லையே இழந்த உம்மும்மாமார் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் நான் எழுத வந்தது விருப்பத்தைப் பற்றியல்ல. அந்த விருப்பத்துக்குத் தேவைப்படும் நேரத்தைப் பற்றி.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல்மருத்துவக் கல்லூரிக்கென்று தனியான நுழைவுப் பரீட்சை உண்டு. நமக்கு அப்படியொன்று இல்லை. உயர்தரப் பரீட்சைதான் நமது நுழைவுப் பரீட்சை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் பெறும் புள்ளிகள் இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, மூன்றின் சராசரி எடுக்கப்படுகிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் வரை பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. வெட்டுப்புள்ளி நான்கு தசமதானம் வரை கணக்கிடப்படுவதால், உள்ளே போவதும் வெளியே நிற்பதும் ஓரிரு வினாக்களில் தீர்ந்துவிடலாம்.

சராசரி என்ற அந்தச் சொல்லை நம்மில் பலர் கவனிப்பதில்லை. உயிரியல் பிடிக்கும் என்பதால் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். பௌதிகவியல் பயம் என்பதால் அதை நாளைக்குத் தள்ளுகிறோம். இசட் புள்ளிக்கு நமது விருப்பு வெறுப்புத் தெரியாது. மூன்றும் அதற்கு ஒரே எடை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு பாடத்திலும் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம், எழுத வேண்டியவை எட்டு வினாக்கள். கணிப்பானும் கொண்டுபோக முடியாது. ஆக ஒரு வருடத்தின் மூன்று பாட வினாத்தாள்களையும் நேரம் வைத்து எழுத 15 மணித்தியாலம் வேண்டும். பத்து வருட வினாத்தாள்களுக்கு 150. எழுதினால் மட்டும் போதாது, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, எங்கே பிழைத்தது என்று பார்த்து, அந்த அலகை மீட்ட இன்னொரு 150. மொத்தம் 300 மணித்தியாலம். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் கிடைத்தால் முப்பது கிழமைகளில் முடிந்துவிடும்.

பத்து மணித்தியாலம் என்ன பெரிய விஷயமா என்று தோன்றும். எனக்கும் என் தோழியர் சிலருக்கும் சேர்த்து ஒரு கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். தூக்கத்துக்கு 49. பாடசாலைக்கும் போக வரவும் 35. டியூஷன் வகுப்புகள், மூன்று பாடத்துக்கும் தியரியும் மீட்டலுமாக 21. பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் பயணமும் 8. தொழுகை, சாப்பாடு, குளிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்றரைப்படி 24½. மிஞ்சுவது 30½. அதில் சமையலறை, கூட்டிப் பெருக்குவது, தம்பி தங்கையைப் பார்ப்பது என்று நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போனால் 16½. பிறகு சாச்சியின் வீட்டு விருந்து, யாரோ ஒருவரின் கலியாணம், சுகம் விசாரிக்க வருபவர்கள், நமக்கே வரும் காய்ச்சல், களைப்பு. பத்து மணித்தியாலம் தேறுவதே அதிசயம்.

இந்தக் கணக்கிலிருந்து எனக்கு விளங்கியது, நேரசூசியைப் பிள்ளை தனியாகப் போட முடியாது என்பதுதான். அந்த 30½ மணித்தியாலத்தில் பெரும்பகுதி அவள் கையில் இல்லை. வகுப்பை முடிவு செய்வது வாப்பா. வீட்டு வேலையை முடிவு செய்வது உம்மா. அறைச் சுவரில் வர்ண வர்ணமாக ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணை மூன்றாம் நாளே தோற்றுப்போவதற்குப் பிள்ளையின் சோம்பல்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

பெற்றோரிடம் முதலில் டியூஷனைப் பற்றிப் பேச வேண்டும். வகுப்புக் காசு கட்டினால் படிப்பு நடக்கிறது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. நல்ல ஆசிரியரிடம் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வது அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் மண்டபத்தில் ஆசிரியர் கணக்கைச் செய்து காட்டும்போது செய்வது அவர், பார்ப்பது நாம். பரீட்சை மண்டபத்தில் செய்ய வேண்டியது நாம். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் வகுப்பென்றால், அதில் ஒன்றை நிறுத்துவது காசை மிச்சப்படுத்துவது மட்டுமல்ல. பயணத்தோடு சேர்த்துக் கிழமைக்கு நான்கைந்து மணித்தியாலம் திரும்பக் கிடைக்கும். "எல்லாரும் போகிறார்களே" என்ற பயத்தை வாப்பாமார் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

அடுத்தது வீட்டு வேலை. பெண்பிள்ளை வேலை பழகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உயர்தரம் படிக்கும் நானாவுக்குத் தேநீர் மேசைக்கு வருகிறது, அதே உயர்தரம் படிக்கும் தங்கை எழும்பித் தேநீர் ஊற்றுகிறாள். இது யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்தின் விலை கிழமைக்கு 14 மணித்தியாலம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் எந்த உம்மாவும் ஒரு நிமிடம் யோசிப்பா.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லச் சங்கடம்தான். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம். அது சட்டம். நடைமுறையில் ஆண்பிள்ளைக்கு மூன்று முறை, பெண்பிள்ளைக்குப் பல வீடுகளில் ஒரு முறை. முதல் முடிவு வந்ததும் "இன்னும் ஒரு வருஷமா?" என்ற கேள்வி வரும், கூடவே ஒரு மாப்பிள்ளையும் பேசப்படுவார். ஒரே ஒரு வாய்ப்புத்தான் தரப்படுமென்றால், அந்த ஒரு வாய்ப்புக்குரிய நேரமாவது முழுதாகத் தரப்பட வேண்டாமா?

மாணவிகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். "5 முதல் 7 வரை இரசாயனவியல்" என்று எழுதாதீர்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் புத்தகத்தைப் பார்த்தபடியே போய்விடும். "2019 இரசாயனவியல் முதலாம் வினாத்தாள், 1 முதல் 25 வரை" என்று எழுதுங்கள். 25 வினாவுக்கு ஒரு மணித்தியாலம், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அடங்கிவிடும். பாடத்திட்டம் மாறிய பின் வந்த முதல் பரீட்சை 2019 என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது. பிடிக்காத பாடத்தை ஸுபஹுக்குப் பின் வைத்துக்கொண்டால் வீடு எழும்புமுன் முடிந்துவிடும். நோன்பு காலத்தில் சஹருக்குப் பிந்திய நேரமும் அப்படித்தான்.

பரீட்சைத் திகதியை மட்டும் நம்பித் திட்டம் போடுவதும் சரிவராது. 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 2024 நவம்பரில் தொடங்கியது சீரற்ற காலநிலையால் இடையில் நின்று பின்னர் தொடர்ந்தது. எழுதி முடித்த வினாத்தாள்களை எண்ணிக்கொண்டு போகிறவளுக்குத் திகதி தள்ளிப்போனால் இன்னும் சில வினாத்தாள்கள் கூடும், அவ்வளவுதான்.

கல்லூரியிடமும் ஒரு கோரிக்கை. முதலாம் வினாத்தாளைத் துண்டு துண்டாக வீட்டில் செய்யலாம். இரண்டாம் வினாத்தாளை மூன்று மணித்தியாலம் எழும்பாமல் எழுத எங்களில் பலருக்கு வீட்டில் இடமில்லை. கிழமையில் இரண்டு நாட்கள், பாடசாலை விட்டு லுஹர் தொழுது சாப்பிட்டபின், 2 மணியிலிருந்து 5 மணிவரை நூலகத்தைத் திறந்து வைத்தால் போதும். ஒரு மணிக்கூடும் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியையும் இருந்தால் சரி. திருத்துவதைப் புள்ளித்திட்டத்தை வைத்து நாங்களே மாறி மாறிச் செய்துகொள்வோம்.