அம்மாவின் கைப்பக்குவமும் கிராம் கணக்கும்

எமது சமையலுக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை இன்று லாச்சப்பல் கடைகளில் கிடைக்கின்றன. குரக்கன் மா, ஒடியல் மா, முருங்கைக்காய் என்று பொருளுக்குக் குறைவில்லை. சமைக்கும் முறைதான் வீட்டுக்கு வீடு மறைந்து வருகிறது. குடும்பச் சமையற் குறிப்புகளைக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் சேர்த்து வைப்பதைச் சிலர் பொழுதுபோக்காக நினைக்கிறார்கள். நான் அதை வீட்டாரின் உடல்நலத்துக்கான வேலையாகவே பார்க்கிறேன்.

நீரிழிவு எம்மவர் மத்தியில் பரவலாக உள்ள நோய். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் சோறு, எத்தனை கிராம் மா என்று இங்குள்ள உணவு ஆலோசகர் கேட்பார். "ஒரு சுண்டு அரிசி போட்டால் எல்லாருக்கும் காணும்" என்பது எங்கள் பதில். பால்ரின்னில் அளந்த சுண்டு அவருக்கு எப்படி விளங்கும்? பாண், பாஸ்தா, உருளைக்கிழங்கு என்று தமக்குத் தெரிந்த பட்டியலைத் தந்து அனுப்புவார். அது குசினிச் சுவரில் ஒட்டியபடியே கிடக்கும், புட்டும் சொதியும் வழமைபோல் நடக்கும்.

ஆகவே குறிப்பு எழுதுபவருக்குத் தராசு வேண்டும். உங்கள் வீட்டுச் சுண்டை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அரிசியின் எடையா, சோற்றின் எடையா என்றும் எழுதுங்கள். வெந்தபின் அது ஏறத்தாழ இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். "உப்பு அளவாக" என்ற வரியை முதலில் நீக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமிலும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்ந்த ஒரு சாப்பாட்டை அளந்து பார்த்தால் நிலைமை தெரியும்.

அளவு மட்டும் போதாது. ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடிப்பது கசப்பு நீங்குவதற்காக. அம்மாவுக்கு அது சொல்லத் தேவையில்லாத விடயம், அதனாலேயே குறிப்பில் விடுபட்டுவிடும். பிள்ளை பெற்றவருக்கு வைக்கும் பத்தியக் கறியின் சரக்குகளும் இப்படித்தான். எனவே "எழுதித் தாருங்கள்" என்று அவரிடம் கேட்காதீர்கள். அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று குரலைப் பதிவு செய்யுங்கள். தூளும் உப்பும் சட்டிக்குள் போகுமுன் தராசில் ஏறட்டும். (கொஞ்சம் ஏசுவார், பரவாயில்லை.)

பழைய கொப்பிகளைப் படமெடுத்து வைத்தால் மட்டும் காணாது, தட்டச்சும் செய்ய வேண்டும். அப்போதுதான் "பத்தியம்", "நீரிழிவு" என்று தேடி எடுக்கலாம். முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை இன்று ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அவற்றை அழித்துவிடாதீர்கள். யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

இங்கு பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தயங்குவார்கள். அவர்களுக்காகச் சரக்குகளின் பிரெஞ்சுப் பெயரையும் சேருங்கள். நற்சீரகம் குமின், பெருஞ்சீரகம் ஃபெனுய், கருஞ்சீரகம் நிஜெல்.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்து வருகிறது. வீட்டுக் கொப்பியை நாங்கள்தான் காக்க வேண்டும். ஒரு பிரதியை லண்டனிலோ கனடாவிலோ உள்ள சகோதரருக்கு அனுப்பிவிடுங்கள். அச்சடித்த ஒன்று குசினியிலும் இருக்கட்டும், மாக் கையோடு தொலைபேசியைத் தொட வேண்டியிராது.