விலைபோகாத இசையும் வீண்பழியும்

பிரிட்டானிய ராக் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், 1969 முதல் 1973 வரையுள்ள ஆண்டுகளை நான்கைந்து பெயர்களுக்குள் அடக்கிவிடுகின்றனர். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃபிளாய்ட் என்று எண்ணி முடிப்பர். ஏனைய புரோகிரசிவ் ராக் குழுக்கள் யாவை என்று வினவினால், காலம் என்னும் முறம் புடைத்துவிட்டது, மணி நின்றது, பதர் பறந்தது என்பர். இக்கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை.

புடைத்தது காலமா, கடைக்காரரா? 1971இல் வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்னும் குழு 'பான் ஹார்ட்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. தாய்நாட்டு விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே கிட்டவில்லை. மறு ஆண்டு இத்தாலியில் அதே தட்டு முதலிடம் பெற்றது. ஒரே தட்டு லண்டனில் பதராகவும் ரோமில் மணியாகவும் இருத்தல் எங்ஙனம்? முறத்தைப் பிடித்த கைகள் வேறு என்பதன்றி வேறு விளக்கம் உண்டோ?

கோமஸ் குழுவின் கதை இன்னும் இரங்கத்தக்கது. வயலின், ஓபோ, புல்லாங்குழல், கைமுழவு ஆகியவற்றோடு அச்சமூட்டும் குரல்களைச் சேர்த்து அவர்கள் படைத்த முதல் தட்டு, 1971இன் தொடக்கத்தில் வந்தது. பிரிட்டனின் அஞ்சல் ஊழியர் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்த காலமும் அதுவே. (ஊழியரை நாம் குறை கூறோம், நாமும் அவ்வினத்தவரே.) தபால் ஓடாத நாட்டில் புதியவர் பெயர் எவ்வளவு தொலைவு செல்லும்? அக்குழு 2008இல் சுவீடன் நாட்டு விழாவொன்றில் மீண்டும் மேடையேறியது. பறந்துபோன பதரை முப்பத்தேழு ஆண்டுக்குப்பின் எவரும் தேடி அழைப்பதில்லை.

நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது எக் என்னும் குழு. மூவரே, கிடார் இல்லை, ஆர்கன், பேஸ், டிரம்ஸ், அவ்வளவே. ஏழு இனிமையானது என்ற பொருளில் ஒரு பாட்டுக்கே பெயரிட்டு 1969இல் வெளியிட்டனர். மிச்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு ஏழு எண்ணிக்கை வியப்பன்று. ஆயின் நான்கின்மேல் நடந்தே பழகிய ராக் உலகில், ஐந்தையும் ஏழையும் பதினொன்றையும் நகைச்சுவையோடு பாடிக் காட்டியது துணிவு. 1970இல் வந்த முதல் தட்டில் ஒரு சிம்பொனியே அமைத்தனர். அதன் ஒரு பகுதி ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அணுக்கமாயிருந்தமையால், பதிப்புரிமை வழக்குக்கு அஞ்சி விடப்பட்டது. பின்னாளைய மறுபதிப்பில்தான் அது சேர்ந்தது. 1972இல் கலைந்தவர்கள், எழுதி வைத்த இசை வீணாகலாகாது என்று 1974இல் மீண்டும் கூடி ஒரு தட்டுப் பதித்தனர். கோப்பை மூடுவதனால் பொருள் முடிந்துவிடுவதில்லை என்பதை அலுவலகத்தில் நாள்தோறும் காண்கிறோம்.

மறக்கப்பட்டவை எல்லாம் மாணிக்கம் என்று நாம் வாதிடவில்லை. முடிவறியாது ஆர்கன் வாசித்துக் களைப்பூட்டியோரும் அன்று பலர்.

அதனாலேயே மற்றொரு சாராரையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர்கள் அரிய தட்டுகளைச் சேகரிப்போர். ஸ்பிரிங் என்னும் குழு 1971இல் பதித்த ஒரே தட்டில் மெல்லோட்ரான் கருவி மூன்று ஒலிக்கின்றன. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா. எட்டு நொடியளவில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தேயாக வேண்டும். அந்த எட்டு நொடிக்குள் மூச்சுவிட்டுப் பாடும் அக்கருவியின் அழகை இவர்கள் பேசுவதில்லை. உறையின் மடிப்பையும் முதற்பதிப்பின் முத்திரையையும் பேசுவர். ஊசி படாத பிரதி என்பதற்கே கூடுதல் விலை கேட்பர். கடைக்காரர் விலைபோகாததைப் பதர் என்றார். இவர் விலையேறியதைப் பொன் என்கிறார். இருவரும் கேட்டாரில்லை.

மறுபதிப்புகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. நம்மோடு மாறுபடுவோர் எக் குழுவின் முதல் தட்டை ஒருமுறை தாளமிட்டுக் கேட்டுவிட்டு வரட்டும், அதன்பின் வாதிடுவோம்.