சுருளி அருவியும் சுருளிப்பட்டி மக்களும்

மே மாத விடுமுறை நாள் ஒன்றில் கம்பம்–சுருளிப்பட்டி சாலையோரம் நின்று பாருங்கள். இரண்டு ஊர்வலங்களைக் காண்பீர்கள்.

பொழுது விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். கையில் தூக்குச்சட்டி; அதில் பழைய சோறு. மலையேறி இடுக்கி ஜில்லாவின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் வட்டாரக் கிராமங்களில் இது அன்றாடக் காட்சி.

வெயில் ஏறியதும் எதிர்த்திசையிலிருந்து கார்களும் வேன்களும் வருகின்றன. சுருளி அருவியில் குளிக்க வருகிறவர்கள் அவர்கள். கார்த்திகை, மார்கழியானால் சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் தர்ப்பணம் கொடுக்க வருகிற ஜனங்களால் சாலை நிரம்பி வழியும்.

இந்த இரண்டு ஊர்வலங்களுக்கும் என்ன சம்பந்தம்? நாடெங்கும் மக்களை இழுக்கிற அருவி ஒன்று ஊருக்கு அருகிலேயே விழுகிறது. அதே ஊர்ப் பெண்ணோ பிழைப்பு தேடி வேறு ராஜ்யத்து மலைக்குப் போகிறாள். உல்லாசப் பயணத்தால் ஊர் வளரும் என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வளர்வது எது? யாருடைய வீட்டில் வளர்கிறது?

வருகிறவர்கள் நம் விரோதிகளா?

அருவிக்கு வருகிறவர்களை விரட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் யார்? ஆண்டிபட்டியின் விசைத்தறித் தொழிலாளி, தேனியின் நூற்பாலைத் தொழிலாளி, மதுரையிலும் ராஜபாளையத்திலும் பஞ்சாலையில் உழைக்கிறவன். வாரம் முழுதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு நாள் பெண்டு பிள்ளைகளோடு தண்ணீரில் நிற்க வருகிறான். ஓய்வு என்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல. எட்டு மணி நேர வேலைக்கும் வார விடுமுறைக்கும் போராடிய தொழிலாளிக்கு அந்த விடுமுறையை அனுபவிக்கவும் உரிமை உண்டு.

ஆகவே, ஊரார் ஒரு பக்கம், வெளியூரார் ஒரு பக்கம் என்று இந்தப் பிரச்னையைப் பிரிக்க முடியாது. குளிக்க வருகிற ஆலைத் தொழிலாளியும் திராட்சைப் பந்தலில் நிற்கிற விவசாயத் தொழிலாளியும் ஒரே வர்க்கம். லாபம் எங்கே போகிறது, பாரம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

பாரம் யார் தலையில்?

2023-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் ஏப்ரல் 29-ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். யானைக்கு எல்லைக் கல் தெரியுமா? மே 27-ஆம் தேதி அது கம்பம் நகருக்குள் நுழைந்தது. தடையுத்தரவு பிறந்தது. யானை தாக்கிக் காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். பிறகு அது சுருளிப்பட்டிப் பக்கம் திரும்பியது. அருவிக்குச் செல்லத் தடை விதித்தார்கள். ஜூன் 5-ஆம் தேதி அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் மேல் கோதையாறுப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த யானை ஏன் ஊருக்குள் வந்தது? அது பிறந்து வளர்ந்த சின்னக்கானல் பகுதியில் யானைகள் நடந்த பாதைகளில் எஸ்டேட்டுகள் வந்தன, குடியேற்றங்கள் வந்தன, மூணாறைப் பார்க்க வருகிறவர்களுக்காக விடுதிகள் வந்தன. காட்டை விற்று எவனோ காசு பார்த்தான். மலைக்கு இந்தப்பக்கம் கம்பத்தில் ஏழை ஒருவன் உயிரை விட்டான். தோட்டத்துக்குப் போக அஞ்சிய கூலியாட்கள் அன்றாடக் கூலியை இழந்தார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். யானை தென்னையைச் சாய்த்தால், வாழையை மிதித்தால், பந்தலைப் பிரித்தால், பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. அது நிலத்துக்காரருக்கு. சிறு விவசாயிக்கு அது சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்தத் தோட்டத்தில் அந்த வாரம் கவாத்து வெட்ட இருந்தவளுக்கு, குலை அறுக்க இருந்தவளுக்கு வேலை போயிற்றே, அவளுக்கு என்ன? எந்தப் படிவத்தில் அவள் பெயரை எழுத இடம் இருக்கிறது?

மாட்டுக்கு ஒரு நியாயம், மோட்டாருக்கு ஒரு நியாயமா?

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. காடு பிழைத்தால்தான் வைகையும் சுருளியாறும் பிழைக்கும்; ஆறு பிழைத்தால்தான் விவசாயத் தொழிலாளிக்கு வேலை. காட்டைக் காப்பதில் நமக்கு எந்த மாறுபாடும் இல்லை.

ஆனால் காப்பாற்றும் பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக விழுகிறதா? 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக மலைமாடு வைத்துப் பிழைத்தவர்கள் மலையடிவாரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ பளியர் முதலிய மலைவாழ் மக்களுக்கும், காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கும் உரிமைகளை ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைகளைக் கணக்கெடுத்துப் பட்டா கொடுக்கும் வேலையில் சர்க்காருக்கு அவசரம் இல்லை. உல்லாசப் பயணத்தை வளர்ப்பதில் மட்டும் அவசரம். மாட்டின் குளம்பு காட்டுக்குக் கேடு என்றால், மோட்டாரின் புகையும் பிளாஸ்டிக் பையும் கேடல்லவா? சட்டம் எளியவனிடம் மட்டும் கறாராக இருந்தால் அதற்குப் பெயர் காடு காப்பதல்ல.

சாலை வந்தது, ரயில் வந்தது

திண்டுக்கல்–குமுளி சாலை அகலமாயிற்று. 2010-ஆம் ஆண்டு முடிவில் நின்றுபோன மதுரை–போடி ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் வந்தது. நல்லதே. நீண்ட காலம் மக்கள் கேட்டுப் பெற்றது அது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடக்கிற திராட்சை இது. அருவிக்கு வருகிறவர்கள் பந்தலைப் பார்த்து, பழம் வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் சாலை அகலமானால் நிலத்தின் விலையும் ஏறும். ஏக்கருக்குப் பந்தலிலிருந்து வருவதைவிட மனையாக்கி விற்றால் அதிகம் கிடைக்கும் என்று தரகன் வந்து காதில் ஓதுவான். விற்றவர் பணத்தோடு போவார். குத்தகைக்குப் பிடித்தவனும் கூலிக்கு வந்தவளும் எங்கே போவார்கள்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகுதான் இருபோகம் விளையும் பூமியாக இது மாறியது. 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்று எல்லோரும் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பூமி விடுதியும் வேலி போட்ட பங்களாவுமாக மாறினால், அங்கே கூலிக்காரிக்குக் கிடைப்பது அறை கூட்டும் வேலைதான். அதுவும் பருவத்துக்கு மட்டும்.

பிற ஊர்கள் தரும் பாடம்

இது நம் ஒரு ஊரின் பிரச்னை அல்ல. இத்தாலியில் வெனிஸ் என்ற பழம்பெரும் நகரம் தண்ணீரின் மேல் நிற்கிறது. கூட்டம் தாங்காமல், 2024 ஏப்ரலில் பகல்நேரப் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டார்கள். உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் இல்லை. பணம் வசூலாயிற்று, கூட்டம் குறையவில்லை என்று நகரத்து மக்களே குறை சொன்னார்கள். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விட்டே லாபம் பார்ப்பதால் உழைப்பாளி குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பது அவர்கள் முறையீடு. பயணிகளுக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடுவதாக அந்நகர மேயர் அறிவித்தார்.

நம் பக்கத்துக் கொடைக்கானலைப் பாருங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் இந்தத் தடை இல்லை.

நம் ஜில்லா எல்லையிலேயே இன்னொரு உதாரணமும் உண்டு. கூடலூருக்கு மேலே, பெரியாறு காட்டில் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும்தான் அனுமதி. நடந்தும் ஜீப்பிலும் ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். காட்டுக்கு அளவு உண்டு என்பதை நம் ஜனங்கள் ஏற்காதவர்கள் அல்ல.

அளவு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே ஜில்லா கண்டிருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கிச் சுமந்தவர்கள் அந்த மலையின் ஏழை ஜனங்கள். அதற்குப் பிறகே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன.

இந்தப் பாடங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கூட்டத்துக்கு அளவு வேண்டும். அந்த அளவை எண்ணிக்கையால் வையுங்கள், பணப்பையால் வைக்காதீர்கள். கட்டணத்தை ஏற்றினால் பணக்காரனின் கார் நிற்காது. பஸ்ஸில் வருகிற தொழிலாளியின் குடும்பம்தான் வீட்டில் நிற்கும்.

வியாபாரம் கெடுமா?

"அளவு வைத்தால் கடைக்காரன் பிழைப்பு போகுமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இன்றைய நிலை என்ன? வெள்ளம் வந்தால் தடை, யானை வந்தால் தடை. உயிரைக் காக்கும் தடைகள் அவை. குறை சொல்ல முடியாது. ஒரு நாள் கால் வைக்க இடமில்லை, மறுநாள் ஈயாடுகிறது. பழக்கூடையோடு உட்கார்ந்தவள் அழுகிய பழத்தோடு வீடு திரும்புகிறாள். கூட்டம் வாரம் முழுதும் பரவலாக, அளவாக வந்தால் சிறு வியாபாரிக்கும் நிதானமான வருமானம். அருவிக்கும் மூச்சு விட நேரம்.

யார் முடிவு செய்வது?

எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. அருவி வன இலாகாவின் கையில். விழா எடுப்பது சுற்றுலா இலாகா. சாலை வேறொரு இலாகா. ஊர்க் குப்பையும் ஊர்த் தண்ணீரும் பஞ்சாயத்தின் தலையில். ஆனால் பஞ்சாயத்தைக் கேட்டு எந்தத் திட்டம் போடப்படுகிறது? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் ஜில்லா உள்பட 27 ஜில்லாக்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். ஊருக்கு வாய் இல்லாத நேரத்தில் ஊரின் தலைவிதியை எழுதுவது என்ன ஜனநாயகம்?

என்றாலும் கிராமசபை என்ற ஆயுதம் நம் கையில் இருக்கிறது. மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி பிறந்த நாளிலும் அது கூடுகிறது. வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற இடமாக அதை விடக் கூடாது. கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்:

1. அருவிக்கு ஒரு நாளில் எத்தனை வண்டி என்று அளவு வேண்டும். கம்பத்திலிருந்து போதுமான அரசு பஸ்கள் விட வேண்டும். பஸ்ஸில் வருவோருக்குத் தடையும் கூடுதல் கட்டணமும் கூடாது.

2. சுற்று வட்டாரக் கிராம மக்களுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது.

3. அருவியில் வசூலாகிற பணத்தின் கணக்கைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு ஊரின் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் செலவாக வேண்டும்.

4. துப்புரவு, காவல், குளிப்போர் பாதுகாப்பு வேலைகள் உள்ளூர் மக்களுக்கே. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும், வைப்புநிதியும், மருத்துவ வசதியும் வேண்டும். காண்டிராக்டர் கமிஷன் கூடாது.

5. பெண்கள் உடை மாற்ற அறையும் சுத்தமான கழிப்பிடமும் வேண்டும். சோப்பும், எண்ணெயும், தர்ப்பணத் துணியும் ஆற்றில் சேராமல் மேலேயே தடுக்க வேண்டும்.

6. யானைப் பாதையில் விடுதிக்கும் மனைக்கும் அனுமதி கூடாது. யானை வந்து வேலை நின்றால் கூலி இழந்தவர்களுக்கும் நிவாரணம் வேண்டும்.

7. பன்னீர் திராட்சையைச் சிறு விவசாயிகளும் பெண்களும் கூட்டுறவாக விற்க, அருவிச் சாலையில் இடம் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே! இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. எதற்கும் கோடி கோடியாகச் செலவில்லை. மலையில் பெய்கிற மழை சுருளியில் விழுந்து, ஆறாகி, நம் வயலில் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் நின்று உழுதவர்களும், நாற்று நட்டவர்களும், பந்தல் போட்டவர்களும்தான் இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர்கள். அவர்களைக் கேளாமல் போடுகிற எந்தத் திட்டமும் வளர்ச்சியாகாது.

ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண், தன் ஊரிலேயே கௌரவமான கூலிக்கு நிற்கிற நாள் வர வேண்டும். வெளியூர்த் தொழிலாளியின் குழந்தை அருவியில் குளிக்கும்போது அவள் பக்கத்தில் காவலுக்கு நிற்கட்டும். அன்றைக்குச் சுருளிப்பட்டி வளர்ந்தது என்று நாமும் சொல்வோம். அடுத்த கிராமசபைக்கு ஒருவர் விடாமல் வாருங்கள்!