மேல்மண்ணா, மிகைச்சுமையா?

நெய்வேலியில் உள்ள பள்ளி ஒன்றில் நடந்தது இது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், ஒரு மாணவனிடம் அவன் தந்தையை அழைத்து வருமாறு கூறினார். "அப்பா ஓ.பி.யில் இருக்கிறார், ஐயா" என்றான் சிறுவன். ஆசிரியர் உள்ளம் இளகி, "உடம்புக்கு என்ன?" என்று வினவினார். சிறுவன் திருதிருவென விழித்தான். அவர் எண்ணியது மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு. அவன் சொன்னதோ, சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை அகழ்ந்தெடுக்கும் பிரிவு. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள். தமிழன் எழுத்திலோ இரண்டும் ஒன்றே. பொருள் விளங்காச் சொல்லைச் சுருக்கி, அச்சுருக்கத்தையும் விளங்காததாக்கி, அதனைக் கொண்டே அன்றாட வாழ்வை நடத்துகின்றோம்!

நகைத்துவிட்டுப் போகலாம்தான். ஆயினும் அச்சுருக்கத்தை விரித்துப் பார்த்தால் நகை நின்றுவிடும். 'ஓவர்பர்டன்' என்பது அதன் முழு வடிவம். மேலே கிடக்கும் சுமை, மிகைச்சுமை என்பது அதன் பொருள். எது சுமை? யாருக்குச் சுமை? நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைந்த மண் அது. பாட்டன் உழுது, தந்தை உழுது, மகன் உழுத மண். ஒரு தொன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலாக அம்மண் அகழப்படுகின்றது. அகழ்ந்து குவித்த மண்ணுக்கோ 'சுபாயில்' என்று பெயர். ஆங்கிலத்தில் கெட்டுப்போதலுக்கும் அச்சொல்லே. கொள்ளைப் பொருளுக்கும் அச்சொல்லே! தமிழில் 'மேல்மண்' என்று சொல்லிப் பாருங்கள். அது மண் என்பதும், மேலே உள்ளது என்பதும் மட்டுமே அச்சொல்லில் உண்டு. பழிப்பு இல்லை, மறைப்பு இல்லை. 2023 சூலைத் திங்களில் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலுக்குள் வாய்க்கால் வெட்டப் பொறிகள் இறங்கியபோது உழவர் கதறியது எதற்காக? அவர்கள் கண்ணுக்கு அது மண்ணாகவும் பயிராகவும் தெரிந்தது, மிகைச்சுமையாகத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் கையில் நில எடுப்புத் தொடர்பான தாள் ஒன்று. "ஐயா, இதில் சொலேசியம் என்று போட்டிருக்கிறார்கள். அது எங்களிடம் பிடித்துக்கொள்வதா, எங்களுக்குக் கொடுப்பதா?" என்று கேட்டார். தாள் தமிழெழுத்தில்தான் இருந்தது; சொல்தான் தமிழாக இல்லை. ஆறுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. விருப்பமின்றி நிலம் இழப்பவனுக்கு விலைக்கு மேல் தரப்படும் ஆறுதல் தொகை. 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்தாக இருந்து, 1984 இல் முப்பதாகி, 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூற்றுக்கு நூறாக உயர்ந்தது. தமக்கு உரிய தொகையையே தம்மிடம் பிடித்தம் செய்யும் வரியோ என்று அஞ்சி நின்றார் அம்முதியவர். 'ஆறுதல் தொகை' என்று எழுதியிருந்தால் அவர் எம் திண்ணைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. நில எடுப்பு அறிவிப்பை ஊராட்சியில் உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டுமென்று 2013 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. எழுத்தை மாற்றிச் சொல்லை மாற்றாவிடின், அது உள்ளூர் மொழியாகுமா?

நீருக்கும் இதே நிலைதான். நெய்வேலிக் கரிப்படுகைக்குக் கீழே பேரழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் உள்ளது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரி எடுக்க இயலும். இல்லையேல் அது கீழிருந்து பீறிட்டெழும். இதற்கு 'ஆர்ட்டீசியன்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டுப் பகுதி ஒன்றின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. தன் கிணற்று நீரைப் பற்றிக் கேள்வி கேட்க வரும் உழவனின் வாயை அவ்வொரு சொல்லே அடைத்துவிடுகின்றது. 'பொங்குநீர்' என்றால் அவன் வாய் திறக்கும். அடுத்த கேள்வியும் பிறக்கும்.

தொழிலாளியின் உயிரும் சொல்லில் தொங்குகின்றது. நெருப்போடும் நீராவியோடும் உழல்பவனுக்கு எச்சரிக்கைப் பலகை நொடியில் விளங்க வேண்டும். அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டுமென்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2020 மே, சூலைத் திங்கள்களில் இங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அதற்குக் கரணியம் மொழி என்று நாம் கூறவில்லை. ஆயினும் அத்தகைய இடத்தில் வேலை செய்பவன், தன்னைச் சூழ்ந்துள்ள ஒவ்வொன்றின் பெயரையும் ஐயமற அறிந்திருக்க வேண்டும் என்பதை மறுப்பார் உளரோ?

'இவையெல்லாம் அறிவியற் சொற்கள். ஆங்கிலமின்றி ஆகாது' என்பர் சிலர். அவர்க்கு நெய்வேலியின் வரலாறே விடை கூறும். 1956 இல் நிறுவனம் தோன்றியது. 1961 இல் கரி வெளிப்பட்டது. 1962 இல் மின்னாக்கம் தொடங்கியது. அகழும் பெரும்பொறிகள் செருமானியரிடமிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் உருசியர் துணையால் எழுந்தது. இவ்விரு மக்களும் 'லிக்னைட்டு' எனும் இக்கரியைத் தத்தம் தாய்மொழியில் எவ்வாறு அழைக்கின்றனர்? இருவரும் 'பழுப்புக் கரி' என்றே அழைக்கின்றனர்! நாமும் 'பழுப்பு நிலக்கரி' என்கின்றோம். பொறி தந்தவனுக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. பொறி இயக்குபவனுக்கும் அன்று. பிறகு இடையில் வந்து அமர்ந்த அதற்கு எதற்கு இத்தனை பெரிய நாற்காலி?

தமிழால் முடியும் என்பதற்கு இந்நகரியமே சான்று. ஆங்கிலத்தில் 'பிளாக்கு' எனப்படும் குடியிருப்புப் பகுதிகளை 'வட்டம்' என்கின்றோம். 'பதினோராம் வட்டம்' என்றால் வழி தெரியாமல் தவிப்பார் யாருமில்லை. அனல்மின் நிலையமும் கொதிகலனும் அவ்வாறே நிலைபெற்றன. புழங்கினால் சொல் வாழும். புழங்காவிடின் அகரமுதலியில் உறங்கும்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. நிலம், இழப்பீடு, நீர் பற்றிய ஒவ்வொரு தாளும் எழுத்தில் மட்டுமன்றிச் சொல்லிலும் தமிழாக இருத்தல் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளில் தமிழே முதலில், பெரிதாக, தெளிவாக நிற்றல் வேண்டும். சுரங்கத் தொழிலாளரும் பொறியாளரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, புழக்கத்திலுள்ள நல்ல சொற்களைத் திரட்டிச் சிறு சொற்சுவடி ஒன்று ஆக்குதல் வேண்டும்.

அரசும் நிறுவனமும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நாளைக் காலை முதற்கொண்டு நம் பிள்ளைகள், "அப்பா மேல்மண் பிரிவில் வேலை செய்கிறார்" என்று சொல்லட்டும். தன் மண்ணைத் தன் சொல்லால் அழைப்பவனே அம்மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கவும் துணிவான்!