கொண்டித் தொழுவும் மண்வாசனையும்

கிராமத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மவர்களுக்கு ஆலமரம், குளக்கரை, மாடுகள் திரும்பும் நேரத்துப் புழுதி எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தப் புழுதியோடு திரும்பி வராத மாடு எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அது கொண்டித் தொழுவில் நிற்கிறது. பட்டி என்றும் பவுண்டு என்றும் சொல்வார்கள். நாலு சுவர், ஒரு கதவு, ஒரு பூட்டு. நான் படித்த மண்வாசனைக் கதைகளில் அது வந்தாலும் இரண்டு வீட்டுச் சண்டைக்குச் சாக்காக வந்து போகிறது. ஊரின் அமைப்பையே காட்டிக்கொடுக்கும் சாட்சியை வேடிக்கைப் பொருளாக்கி வைத்திருக்கிறோம்.

பவுண்டு ஆங்கிலக் கிராமத்திலிருந்து வந்த சொல். இங்கே அதற்கு வலுக் கொடுத்தவை 1857ஆம் வருஷத்துச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டமும். பிந்தியதன் அபராதப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். யானைக்கு 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. குதிரை, காளை, பசுவுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. தீனிச் செலவு தனி. 7 நாளில் யாரும் வராவிட்டால் போலீசுக்குத் தகவல், தண்டோரா. மேலும் 7 நாள் போனால் ஏலம்.

பிடிக்கும் உரிமை பயிரிடுகிறவனுக்கு. 24 மணி நேரத்துக்குள் தொழுவுக்கு அனுப்பினால் அவன் வேலை முடிந்தது. அக்கிரமமாகப் பிடித்தான் என்றால் மாட்டுக்காரன் 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். ஜெயித்தாலும் நஷ்டஈடு 100 ரூபாய்க்கு மேல் கிடையாது. அதே மாட்டுக்காரன் பிடிப்பதைத் தடுத்தாலோ தொழுவிலிருந்து மீட்டாலோ 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், வேறு வியாக்யானம் வேண்டாம். நிலமில்லாதவனிடம் இருப்பது நாலு ஆடு. நிலமுள்ளவன் வேலி போடவேண்டியதில்லை, சட்டமே வேலி.

எப்போதும் இப்படித்தான் என்பார்கள். இல்லை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் ஊரைச் சுற்றி நூறு வில் தூரத்தை மேய்ச்சலுக்கென்று விடச் சொல்கிறது. அங்கே வேலியில்லாத பயிரை மாடு மேய்ந்தால் மேய்ப்பனுக்குத் தண்டனை இல்லை என்கிறது. மனுவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மனிதர்களை அந்த நூல் எப்படித் தொழுவில் அடைத்தது என்பது தெரிந்ததுதான். அப்படிப்பட்ட நூல்கூட வேலி போடும் பொறுப்பைப் பயிர்க்காரன் தலையில் வைத்தது என்பதே விஷயம்.

1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. காப்புக்காட்டில் ஆடு அத்துமீறி நுழைந்தாலே சேதம் செய்ததாகக் கொள்ளப்படும். தழையைத் தின்றதா என்ற கேள்வியே இல்லை. அங்கே ஆட்டுக்கு அபராதம் 8 அணா வரை உயரலாம்.

இதையெல்லாம் இலக்கியத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறவர்கள் பிரேம்சந்த்தைப் படிக்கலாம். 1931இல் வந்த அவருடைய இரண்டு காளைகளின் கதையில் தொழு பின்னணியல்ல, அதுவே அனுபவம். தீனியில்லாத கொட்டடி, கொம்பால் இடிக்கப்படும் சுவர், உடைந்த பிறகும் ஓடத் தயங்கும் கழுதைகள், கடைசியில் ஏலம். உபதேசம் செய்யாமலே ஒரு ராஜ்யத்தின் உட்புறத்தைக் காட்டிவிடுகிறார்.

நம்முடைய கிராமியம் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவரின் ஏக்கம். ஏக்கத்துக்குக் கொண்டித் தொழு தேவைப்படாது. அது இருந்தால் ஏக்கம் கெட்டுவிடும். மண்ணின் வாசனையை எழுதுகிறவர் அந்த மண்ணில் கால் வைக்க யார் யார் அபராதம் கட்டினார்கள் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அடுத்த முறை அந்தியில் மாடுகள் வீடு திரும்புவதாக எழுதும்போது, தயவுசெய்து எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.