தீக்குச்சியை அங்கே வைத்தவர் யார்?

ஹைன்ரிஹ் ஹாஃப்மனின் 'ஸ்ட்ருவல்பேட்டர்' என்னும் ஜெர்மானியப் படநூலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் விவாதம் ஒரே தடத்தில் ஓடி நின்றுவிடுகிறது. குரூரமான நூல், பிள்ளைகளிடம் தராதீர்கள் என்பது ஒரு கட்சி. குரூரம்தான், ஆயினும் உயிர்காக்கும் குரூரம் என்பது மறுகட்சி. இரு கட்சியாரும் பிரதியைச் சரியாக வாசிக்கவில்லை என்பதே நமது வாதம்.

மருத்துவரான ஹாஃப்மன், கடைகளில் கிடைத்த போதனை நூல்கள் பிடிக்காமல், 1844 கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்கென வரைந்தது இது. 1845இல் அச்சேறியது. பௌலின்ஷென் கதை பின்னர் வந்த பதிப்பில் சேர்ந்தது. பெற்றோர் வெளியே போயிருக்கிறார்கள். தனித்திருக்கும் சிறுமியின் கண்ணெதிரே தீக்குச்சிகள். மின்ஸ், மௌன்ஸ் என்ற இரு பூனைகள் பாதங்களை உயர்த்தி, தாயும் தந்தையும் தடுத்திருப்பதை நினைவூட்டுகின்றன. அவள் கேட்கவில்லை. ஆடையில் தீ பற்றுகிறது. எஞ்சுபவை சாம்பலும் ஒரு சோடிக் காலணியும்தான். பூனைகளின் கண்ணீர் ஓடையாகப் பெருகுகிறது. (அந்தப் படத்தைக் கண்டு புன்னகைக்காதவரோடு நமக்குப் பேச்சில்லை.)

ஆனால் இதைத் தீப்பாதுகாப்புப் பாடம் என்று போற்றுவதை ஏற்பதற்கில்லை. தீயைப் பற்றி இக்கதைக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கீழ்ப்படிதல் மட்டுமே. ஆடை பற்றிக்கொண்டால் ஓடாதே, தரையில் படுத்துப் புரள் என்று எந்தப் பூனையும் சொல்லவில்லை. கைக்கெட்டும் இடத்தில் தீக்குச்சிகளை விட்டுச் சென்றவர் யார் என்றும் கதை கேட்கவில்லை. மாறாக, பிள்ளை சாம்பலான பின்னரும் அப்பூனைகள் இரக்கத்தோடு தேடுவது அந்தப் பெற்றோரைத்தான்! எரிந்தவள் குற்றவாளி, விட்டுச் சென்றவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். இந்தக் கணக்கைவிடவா அந்தச் சாம்பல் குவியல் குரூரமானது?

அக்காலத்து வீடுகளில் தீ கீழ்ப்படியாதவர்களை மட்டும் தேடிப் பிடிக்கவில்லை. திறந்த கணப்புகளும் மெல்லிய பருத்தி ஆடைகளும் போதுமானவையாக இருந்தன. 1861இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபிரான்சிஸ் தம் வீட்டிலேயே ஆடையில் தீப்பற்றி இறந்தார். அவர் யார் சொல்லை மீறினார்?

இங்கிலாந்தும் இக்கதையை மொழிபெயர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் படித்த நாடுதான். ஆயினும் அதன் சட்டம் கதையின் வழியில் செல்லவில்லை. தடுப்பில்லாத கணப்பு உள்ள அறையில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருக்கவிட்டு, அதனால் பிள்ளை இறந்தாலோ கடுங்காயமுற்றாலோ, பொறுப்பிலிருந்த பெரியவருக்கு அபராதம் என்றது 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். 1964இல் சிறுமியரின் இரவு உடைகளுக்கும் தீப்பற்றல் குறித்த விதிமுறைகள் வந்தன. சட்டம் விசாரித்தது கணப்பையும் துணியையும்; பிள்ளையின் ஒழுக்கத்தை அன்று.

தீக்காயமுற்ற குழந்தைகளுக்காக ஜெர்மனியில் 1993இல் தொடங்கப்பட்ட அமைப்பு, பௌலின்ஷென் என்ற பெயரையே சூடிக்கொண்டது. சிறு பிள்ளைகளை மிகுதியும் சுடுவது தீக்குச்சியன்று, கொதிநீரும் சூடான பானங்களுமே. ஆகவே அங்கே எச்சரிக்கப்படுவோர் பெற்றோர்: தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பில் வைக்காதீர்கள், மின்கெண்டியின் கம்பியைத் தொங்கவிடாதீர்கள்.